தண்டியடிகள் பிடித்த கயிறு

என் தமக்கையாருக்கு இப்போது எழுபத்தாறு வயது. வெள்ளிக்கிழமை தோறும் அம்பாள் சந்நிதிக்குச் செல்வதைத் தவறவிட்டதில்லை. ஆயினும் அம்பாளின் திருமேனி முழுவதையும் ஒரே பார்வையில் அவர் கண்டு நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. திருமுகத்தை நோக்கினால் திருவடி மறையும்; திருவடியை நோக்கினால் திருமுகம் மறையும். மூங்கிற்குழல் வழியே காண்பது போன்ற பார்வை அவருடையது.

சிறுமியாக இருந்தபோதே அந்திப்பொழுதில் நிலைப்படியில் இடித்துக்கொள்வார். மாலைக்கண் என்று எண்ணி முருங்கைக்கீரை சமைத்துக் கொடுத்தார்கள். உயிர்ச்சத்து 'ஏ' குறைவால் வரும் மாலைக்கண் அத்தகைய உணவால் தீரும், இது தீரவில்லை. கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி அணிந்தார். கரும்பலகை எழுத்துகள் தெளிந்தன, இருட்டு மட்டும் தெளியவில்லை.

பிற்காலத்தில் ஒரு மருத்துவர் காரணத்தை விளக்கினார். கிட்டப்பார்வையில் ஒளி விழித்திரைக்கு முன்னதாகவே குவிந்துவிடுகிறது. கண்ணாடி அதை உரிய இடத்தில் சேர்க்கிறது. ஆனால் 'ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா' என்னும் பரம்பரை நோயில் விழித்திரையே சிறிது சிறிதாகத் தேய்கிறது. மங்கிய ஒளியில் காண உதவும் செல்கள் முதலில் அழிகின்றன. சுவர்ச் சித்திரம் உதிரும்போது விளக்கைத் தூண்டி என்ன பயன்? ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மரபணு மருந்தும் ஒரே ஒரு மரபணுவின் பழுதுக்கே உரியது. தமக்கையாரின் பழுது வேறு.

முற்பிறவிப் பாவம் என்றனர் ஊரார். பிறவியிலேயே கண்ணொளி இல்லாத தண்டியடிகளை அறுபத்துமூவருள் ஒருவராக வைத்துத் தொழுகிற நாம் அப்படிச் சொல்லலாமா? திருவாரூர்க் குளத்தை அகலப்படுத்த, அவர் கம்பங்கள் நட்டு, கயிறு கட்டி, அதைத் தடவிச் சென்றே மண் சுமந்தார்.

எங்கள் தாயார் தம் தாய்மாமனையே மணந்தவர். இருவர் பார்வையும் பழுதற்றது. ஆனால் பழுதான மரபணுவின் ஒரு பிரதி இருவரிடமும் மறைந்திருந்தது. அத்தகைய பெற்றோரின் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

சென்ற ஆண்டு தமக்கையாரின் மகன்வழிப் பேரனுக்கு என் மகன்வழிப் பேத்தியைக் கொடுப்பதாகப் பேச்சு எழுந்தது. முறைதான், மனப்பொருத்தமும் இருந்தது. "முதலில் என் இரத்தத்தைச் சோதியுங்கள், பிறகு குழந்தைகளுடையதை" என்றார் அவர். சோதனையில் இருவரிடமும் அதே பழுது ஒவ்வொரு பிரதியாக இருந்தது. சம்பந்தம் நின்றது. குடும்ப விஷயத்தை வெளியே சொல்லிவிட்டாரே என்று உறவினர் சிலருக்கு இன்றும் மனத்தாங்கல். அவரோ, "நான் தடுக்கி விழுந்த படியில் இன்னொரு குழந்தை விழ வேண்டாமடா" என்றார்.

கோயிலில் இத்தகையோரைக் கண்டால் கையைப் பற்றி இழுக்காதீர்கள். உங்கள் தோளை அவர்கள் பற்றிக்கொள்ளட்டும். படி வருவதை முன்கூட்டியே சொல்லுங்கள். அர்த்தமண்டபத்து இருளில் அவர்கள் சற்று நின்றால், பின்னிருந்து நெருக்காதீர்கள். தண்டியடிகளுக்கு ஒரு கயிறு துணையாயிற்று; இவர்களுக்கு நம் தோள் துணையாகட்டும்.