பெட்டியில் இடம் இருந்தது

வாசகர்களே, வேன் பிடித்து நுவரெலியாவுக்குச் சுற்றுலா போயிருப்பீர்கள். சட்டி பானை, அரிசி, விறகு, பாய் எல்லாம் கூரையில் ஏறும். மேலே தறப்பாளைப் போட்டுக் கயிற்றால் இறுக்கிவிட்டால் பயணம் ஆரம்பம். அந்தப் பழக்கத்தை நான் மெல்பேர்னுக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

இங்கே காரின் பின்னால் கொழுவி இழுத்துச் செல்லும் சிறிய ட்ரெயிலர்கள் உண்டு. உள்ளே இருவர் படுக்கலாம். பின்புறம் குட்டிச் சமையல் மேசை. பழையதொன்றை வாங்கினேன். ஊரிலிருந்து உம்மா வந்திருந்தார். அவரும் மனைவியும் உள்ளே, நானும் பிள்ளைகளும் கூடாரத்தில் என்று ஏற்பாடு. ஆள் கூடச் சாமானும் கூடியது. கார்க் கூரையில் பூட்டும் நீண்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுத்து ட்ரெயிலரின் கூரையில் பூட்டினேன். கூரை நடுவில் காற்றுக்கான மூடி இருந்தபடியால் பெட்டியைப் பின்பக்கமாகத் தள்ளி, நான்கு திருகாணிகளை நானே முடுக்கினேன். அன்றைக்கு எனக்கு வந்த பெருமையை ஏன் கேட்கிறீர்கள்!

75 கிலோ வரை ஏற்றலாம் என்று பெட்டியின் அடியில் எழுதியிருந்தது. அரிசி, பெரிய சட்டி, மடக்கு மேசை, ஒரு சாக்கு விறகு எல்லாம் மேலே போயின.

"பாரமானத அடியில வைங்களேன்" என்றார் மனைவி.

"பெட்டியில இடமிருக்கே" என்றேன் நான்.

கிராம்பியன்ஸ் மலையடிவாரத்து ஹோல்ஸ் கெப், மெல்பேர்னிலிருந்து சுமார் 250 கிலோமீற்றர். பக்கஸ் மார்ஷ் அருகே இறக்கத்தில் 90 கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். பெரிய லொறியொன்று எங்களைக் கடந்தது. அது கிளப்பிய காற்றில் ட்ரெயிலரின் வால் இடப்பக்கம் போனது. பிறகு வலப்பக்கம். ஒவ்வொரு தடவையும் முன்னையதைவிட அதிகமாக. கார் என் கைக்கு அடங்கவில்லை. கால் பிரேக்கைத் தேடியது. ஆனால் ட்ரெயிலரை விற்ற மனிதர் சொன்னது ஞாபகம் வந்தது: ஆடினால் பிரேக்கை மிதிக்காதே, ஸ்டியரிங்கை எதிர்த்துத் திருப்பாதே, நேராகப் பிடித்துக்கொண்டு வேகத்தை மட்டும் குறை. அப்படியே செய்தேன். ஆட்டம் நின்றது. ஓரமாக நிறுத்தியபோது உம்மா சின்னவளின் கையை விடவே இல்லை.

"மெல்லமாப் போங்க மகன்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

மெதுவாக வீடு திரும்பி, சாமானை இறக்காமலே நிறுத்துப் பார்த்தேன். சாமானோடு 750 கிலோவைத் தாண்டக் கூடாது என்று ட்ரெயிலரின் தகட்டில் இருக்கிறது. எங்களுடையது 790. வெறும் பெட்டியே 18 கிலோ. அதையும் நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. கொழுவும் முனை காரை அழுத்தும் பாரம், மொத்த நிறையில் பத்தில் ஒரு பங்களவு இருக்க வேண்டும் என்பது இங்கே பொதுவான கணக்கு. சமதரையில் குளியலறைத் தராசை வைத்து, அதன்மேல் மரக்கட்டையை நிறுத்தி முனையை இறக்கிப் பார்த்தேன். 31 கிலோதான். பின்னால் ஏற்றிய பாரம் முன்னங்கொழுவியைத் தூக்கிவிட்டது. உயரத்தில் ஏற்றியதால் ஆட்டமும் கூடியது.

பெட்டியைக் கழற்றியபோது இன்னொன்றும் தெரிந்தது. கூரை என்று நான் நம்பியது மெல்லிய அலுமினியத் தகடும் அதன் கீழே மெல்லிய ஒட்டுப்பலகையும்தான். திருகாணித் துளைகளால் மழைநீர் இறங்கிப் பலகை கறுத்திருந்தது. 75 கிலோ என்பது பெட்டியின் பலம். கூரையின் பலத்தை நான் யாரிடமும் கேட்கவில்லை.

துளைகளை அடைத்து, இரு பக்கச் சுவர்ச் சட்டங்களிலும் பிடிக்கும்படி குறுக்குக் கம்பிகள் போடுவித்தேன். நீண்ட பெட்டியைக் கொடுத்துவிட்டு, காற்று மூடிக்கு முன்னால் அடங்கும் குட்டைப் பெட்டியொன்றை வாங்கினேன். ஆட்கள் படுக்கும் இடத்தில் அந்த மூடியை மறைக்க முடியாதல்லவா? அரிசியும் சட்டியும் ட்ரெயிலருக்குள் தரையில், சக்கர அச்சுக்குச் சற்று முன்னால் போயின. விறகை வீட்டிலேயே விட்டோம். மறுபடி நிறுத்தபோது மொத்தம் 715, முனையில் 70.

அடுத்த மாதம் அதே வீதியில் ஒரு லொறி கடந்தது. உம்மா பின்னால் திரும்பிப் பார்த்தார். நானும் கண்ணாடியைப் பார்த்தேன். தலையணைகளையும் போர்வைகளையும் மட்டும் சுமந்தபடி பெட்டி நேராக வந்துகொண்டிருந்தது.