எட்டு, ஒன்று, ஜே

பள்ளியில் எங்களுக்கு எல்லாப் பாடமும் பிரெஞ்சில்தான். 1789ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தை எழுந்து நின்று ஒப்பிக்க வேண்டும். எந்த அரசு ஊழியரிடமும் அவர் நிர்வாகத்துக்குக் கணக்குக் கேட்கச் சமூகத்துக்கு உரிமை உண்டு என்பது அதன் 15ஆவது பிரிவு. தப்பில்லாமல் ஒப்பிப்பேன். புதுச்சேரி அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்த பிறகு அது என் நினைவுக்கே வந்ததில்லை.

2005 அக்டோபர் 12 முதல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பத்து ரூபாய் கட்டிக் குடிமக்கள் யாரும் கேட்கலாம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அந்த மனுக்கள் என் மேஜைக்குத்தான் வரும். பதிலை நான் எழுதுவேன், அதிகாரி கையெழுத்துப் போடுவார்.

2008இல் ஓர் அம்மாவின் மனு வந்தது. கணவர் பணியிலேயே இறந்தவர். கருணை அடிப்படையில் மகனுக்கு வேலை கேட்டுக் காத்திருந்தார். பின்னால் பதிந்தவருக்கு முன்னால் வேலை கிடைத்துவிட்டதாக அவருக்குச் சந்தேகம். காத்திருப்போர் பட்டியலும் கோப்புக் குறிப்பும் நகலாக வேண்டும் என்று கேட்டிருந்தார்.

"அடுத்தவங்க விவரம்பா. எட்டு ஒன்று ஜே போட்டு முடிச்சிடு" என்றார் அதிகாரி.

தனிநபர் விவரத்துக்கு விலக்குத் தரும் பிரிவு அது. ஆனால் பத்தாவது பிரிவின்படி, மறைக்க வேண்டியதை மறைத்து மீதியைக் கொடுக்கலாம். எட்டு இரண்டின்படி, பொதுநலன் பெரிதென்றால் விலக்குள்ளதையும் கொடுக்கலாம். இரண்டும் எனக்குத் தெரியும். ஒற்றை வரியில் மறுத்து எழுதினேன். மறுக்கும்போது காரணத்தையும், யாரிடம் எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் எழுதுவது கட்டாயம். அதையும் எழுதவில்லை. அதிகாரியும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா நேரில் வந்தார். கடிதத்தை மடித்து ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தார்.

"இதுக்கு என்னங்க ஐயா அர்த்தம்?"

அவருக்கு இன்னும் நாள் இருந்தது. ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்தால் போதும். அதிகாரியின் அறைக்கதவு திறந்திருந்தது.

"தர முடியாதுன்னு அர்த்தம்மா" என்றேன்.

கும்பிட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு வரவில்லை. மகனுக்கு வேலை கிடைத்ததா என்று நானும் விசாரிக்கவில்லை.

2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அந்த ஜே பிரிவைத் திருத்தி இன்னும் அகலமாக்கியிருக்கிறது. இனி அதைக் காட்டி மறுப்பது எளிது. ஆனால் பத்தாவது பிரிவும் எட்டு இரண்டும் அப்படியே இருக்கின்றன.

உங்களுக்கு அப்படி ஒற்றை வரிப் பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். கடிதம் கிடைத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். தாமதமானாலும் தக்க காரணம் சொன்னால் ஏற்கலாம். அங்கும் கிடைக்காவிட்டால், புதுச்சேரிக்காரர்கள் தொண்ணூறு நாளுக்குள் டில்லியிலுள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம்.

எழுத வராதவர்கள் கடிதத்தை என்னிடம் கொண்டுவாருங்கள். உட்கார்ந்து எழுதித் தருகிறேன். அந்த அம்மாவுக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டிய நாலு வரிதான் அது.