ரயில் பெயர் வைத்த கிளப்பும், நம்மூர் மூன்று சட்டைகளும்

இந்தப் பதிவு ஹாக்கி பற்றியது. கிரிக்கெட் என்று நினைத்து உள்ளே வந்தவர்கள் ஓடிப்போக இன்னும் ஒரு வரி அவகாசம் தருகிறேன் :-)

ஓடாதவர்களுக்கு நன்றி. கொஞ்ச நாளாக ஒரு ரஷ்ய ஐஸ் ஹாக்கி கிளப்பின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். மாட்டுத்தாவணிக்காரனுக்கும் ஐஸ் ஹாக்கிக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மதுரையில் ஐஸ் என்றால் ஜிகர்தண்டா கடையில் பார்ப்பதுதான்.

சம்பந்தம் என் வகுப்புத் தோழன் ஒருவன் மூலமாக வந்தது. சொந்த ஊர் கோவில்பட்டி. எல்லோரும் அவனை ஊர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். ஹாக்கியில் கோல்கீப்பர். வாரக் கடைசியில் ஊருக்குப் போக மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போது அவன் பையைப் பார்க்க வேண்டுமே.. ஆளை விடப் பெரிது. ஒவ்வொரு முறையும் கண்டக்டருடன் லக்கேஜ் பஞ்சாயத்துதான். "நீ படிச்சு முடிச்சதும் தமிழ்நாட்டு டீம்ல ஆடுவியாடா?" என்று ஒருநாள் கேட்டேன். "அந்த டீம் நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் இருக்குமான்னு பாரு முதல்ல" என்றான்.

அந்தப் பதில்தான் இந்தப் பதிவுக்குக் காரணம். ஒரு கிளப் எப்படி நிலைத்து நிற்கிறது? இதைத் தேடிப் போனபோது கிடைத்ததுதான் லோகோமோட்டிவ் யாரோஸ்லாவ்ல்.

பெயர் வாயில் நுழையவில்லை என்றால் கவலை வேண்டாம், எனக்கும் இரண்டு நாள் ஆனது. யாரோஸ்லாவ்ல் என்பது மாஸ்கோவுக்கு வடகிழக்கே, வோல்கா நதிக்கரையில் உள்ள ஊர். கிளப் பிறந்தது 1959ல், அந்த ஊர் எஞ்சின் தொழிற்சாலையின் அணியாக. பிறகு பல பெயர்கள் மாறி, நெடுங்காலம் 'டார்பிடோ' என்று இருந்தது. ரயில்வேயின் ஆதரவு வந்த பிறகு 2000ல் 'லோகோமோட்டிவ்' ஆனது. அதாவது ரயில் எஞ்சின். டார்பிடோவாக 1997லும், லோகோமோட்டிவாக 2002, 2003லும் ரஷ்ய சாம்பியன்.

ஐஸ் ஹாக்கி தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: கோல்கீப்பரையும் சேர்த்து ஒரு பக்கம் ஆறு பேர், பந்துக்குப் பதில் கெட்டியான ரப்பர் வட்டு, இருபது நிமிடமாக மூன்று பகுதி. எல்லாமே பனித்தரையில், காலில் ஸ்கேட்டோடு. நம் ஹாக்கியில் பதினொரு பேர், பதினைந்து நிமிடமாக நான்கு பகுதி. மட்டையும் கோலும் பொதுவானவை. வலியும்தான் (கோவில்பட்டிக்காரன் சேர்க்கச் சொன்னது).

இனி சொல்லப்போவது கஷ்டமான விஷயம்.

2011 செப்டம்பர் 7. புது சீசனின் முதல் ஆட்டத்துக்காக லோகோமோட்டிவ் அணி மின்ஸ்க் நகருக்குக் கிளம்பியது. யாக்-42 விமானம். யாரோஸ்லாவ்ல் விமான நிலையத்தில் மேலே எழும்பியதுமே விழுந்து நொறுங்கியது. உள்ளே இருந்த 45 பேரில் பிழைத்தவர் விமானப் பொறியாளர் ஒருவர் மட்டுமே. அலெக்சாண்டர் கலிமோவ் என்ற வீரர் பலத்த தீக்காயங்களோடு மீட்கப்பட்டு ஐந்து நாள் போராடி இறந்தார். உள்ளூரில் வளர்ந்த பையன்கள், ஸ்லோவாக்கியா, செக், ஸ்வீடன், லாட்வியா என்று பல நாட்டு வீரர்கள், கனடாக்காரரான பயிற்சியாளர் பிராட் மெக்ரிம்மன்.. ஒரு அணி முழுவதுமாக ஒரே நிமிடத்தில் போய்விட்டது. வேகம் எடுக்கும்போது விமானிகள் தெரியாமல் பிரேக்கையும் அழுத்தியிருக்கிறார்கள் என்று விசாரணையில் தெரியவந்தது.

அன்று கிளப்பிடம் மிஞ்சியது என்ன? பெயர், காலி அரங்கம், அழுதுகொண்டு நின்ற ஊர். மற்ற கிளப்புகள் தங்கள் ஆட்களைக் கொடுத்து அணியை நிரப்பலாம் என்று பேச்சு எழுந்தது. கிளப் அதற்குப் போகவில்லை. பெரிய லீக்கில் அந்த ஒரு சீசன் ஆடுவதில்லை என்று முடிவெடுத்தது. 2011 டிசம்பரில் தன்னுடைய இளைஞர் அணிப் பையன்களை வைத்துக்கொண்டு அடுத்த நிலை லீக்கில் களமிறங்கியது. 2012ல் பெரிய லீக்குக்குத் திரும்பியது. 2025ல் செல்யாபின்ஸ்க் நகரின் டிராக்டர் அணியை வென்று ககாரின் கோப்பையை முதல்முறையாகத் தூக்கியது. (ஆமாம், விண்வெளிக்கு முதலில் போன அதே ககாரின்தான்.)

பதினான்கு வருடம்! நான் இதில் கவனித்தது கோப்பையை அல்ல. எல்லாம் போன பிறகும் 'அடுத்த வரிசைப் பையன்கள்' என்று ஒரு கூட்டம் அங்கே இருந்ததே, அதைத்தான். அந்தப் பையன்கள் இல்லையென்றால் லோகோமோட்டிவ் என்பது இன்று வெறும் நினைவுச்சின்னம்.

சரி, இப்போது நம்மூருக்கு வருவோம்.

முதல் சட்டை, சென்னை வீரன்ஸ். 2005ல் பிரீமியர் ஹாக்கி லீக் தொடங்கியது. ஐ.பி.எல்.லுக்கு மூன்று வருடம் முந்தியது! ஆட்டத்தை நான்கு பகுதியாக வெட்டி டி.வி.க்குத் தோதாக்கிப் பார்த்ததும் அந்த லீக்தான். சர்வதேச ஹாக்கி அந்த வழிக்குப் பிற்பாடுதான் வந்தது. ஆனால் 2008ல் எல்லாம் தலைகீழ். 1928க்குப் பிறகு முதல்முறையாக இந்தியா ஒலிம்பிக் ஹாக்கிக்குத் தகுதி பெறவில்லை. அதே வருடம் இந்திய ஹாக்கி சம்மேளனத்தை இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கம் செய்தது. லீக் அந்த வருடத்தோடு முடிந்தது. வீரன்ஸும் முடிந்தது.

இரண்டாவது சட்டை, சென்னை சீட்டாஸ். 2012ல் வேர்ல்டு சீரிஸ் ஹாக்கி. எட்டு அணிகள், எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் உள்ளூர் ஆட்டங்கள். ஆனால் ஹாக்கி இந்தியா ஒரு பக்கம், பழைய சம்மேளனம் இன்னொரு பக்கம் என்று இழுபறி. சர்வதேச அமைப்பு அந்த லீக்கை அங்கீகரிக்கவில்லை. ஒரே சீசன். சிறுத்தை ஓடிப்போனது.

அடுத்து 2013 முதல் 2017 வரை ஹாக்கி இந்தியா லீக். டெல்லி, பஞ்சாப், ராஞ்சி, மும்பை, உ.பி., பிறகு கலிங்கா. தமிழ்நாட்டுக்கு அணியே கிடையாது. பிறகு அந்த லீக்கும் நின்றுபோனது.

மூன்றாவது சட்டை, தமிழ்நாடு டிராகன்ஸ். 2024 டிசம்பரில் லீக் மறுபடி உயிர்பெற்றபோது வந்தது. ஏலத்தில் நெதர்லாந்தின் யிப் யான்சனுக்கு 54 லட்சம், அமித் ரோஹிதாஸுக்கு 48 லட்சம். முதல் சீசனிலேயே அரையிறுதி வரை போனார்கள். சந்தோஷம்தான். ஆனால் ஆண்கள் ஆட்டங்கள் முழுக்க ஒடிசாவின் ரூர்கேலாவை மையமாக வைத்தே நடந்தன. தமிழ்நாட்டு அணியைத் தமிழ்நாட்டுக்காரன் டி.வி.யில்தான் பார்த்தான். சென்னைக்கு ஆட்டங்கள் வந்தது 2026 ஜனவரியில். அந்த இரண்டாவது சீசன் தொடங்குவதற்குள்ளேயே யூ.பி. ருத்ராஸ் அணி லீக்கை விட்டு விலகிவிட்டது. கோவில்பட்டிக்காரனின் சந்தேகம் சும்மா வந்ததில்லை என்பது இப்போது புரிந்திருக்கும்.

என் சித்தப்பா ஒருவர் ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குச் சேர்ந்தவர். ஒரு காலத்தில் ரைட் ஹாஃப். இப்போது முழங்கால் வலி :-( இந்த மூன்று சட்டைக் கதையை அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"வந்தாய்ங்க, ஏலம் எடுத்தாய்ங்க, போனாய்ங்க. டீம காசு குடுத்து வாங்கிரலாம்டா. பயலுக எங்கிருந்து வருவாய்ங்க? அதுக்கு ஒரு கிரவுண்டும், காலைல அஞ்சரைக்கு வந்து நிக்கிற ஒரு கோச்சும் வேணும்ல?"

"அப்ப ரஷ்யாவுல மட்டும் எப்படி சித்தப்பா?"

"அங்கயும் ரயில்வேதானடா!" என்று சிரித்தார்.

விளையாட்டாகச் சொன்னாலும் அதில் விஷயம் இருக்கிறது. நம்மிடமும் ரயில்வே இருக்கிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே என்று அணிகள் பல வருடங்களாக ஆடிவருகின்றன. எந்தச் சேனலும் காட்டாவிட்டாலும் அவை காணாமல் போகவில்லை. காரணம் எளிது. அங்கே ஆடுகிறவனுக்கு மாதச் சம்பளம் உண்டு, ஆட்டம் முடிந்த பிறகும் வேலை உண்டு.

அடுத்த வரிசைப் பையன்களும் இருக்கிறார்கள். மதுரையிலிருந்து தெற்கே இரண்டு மணி நேரம் போனால் கோவில்பட்டி. உங்களுக்குக் கடலைமிட்டாயும் தீப்பெட்டியும் ஞாபகம் வரும். ஹாக்கிக்காரனுக்கு அது ஹாக்கி ஊர். தெருவுக்குத் தெரு கிளப், லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி, அரசு விளையாட்டு ஆணையத்தின் ஹாக்கி மையம். அந்த மையத்தில் வளர்ந்த இரண்டு பேர், அரியலூர் கார்த்தி செல்வமும் கோவில்பட்டி மாரீஸ்வரனும், 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். பாகிஸ்தானுடன் 1-1 என்று முடிந்த ஆட்டத்தில் இந்தியாவின் அந்த ஒரே கோல் கார்த்தி அடித்தது. டிராகன்ஸ் முதல் சீசன் ஏலத்தில் கார்த்தியை எடுத்தது. ஆனால் அதற்கு முன் அவரை வளர்த்தது கோவில்பட்டி.

ரஷ்யா என்றதும் இன்னொன்று. 1980ல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் வாங்கிய இந்திய அணியின் கேப்டன் வாசுதேவன் பாஸ்கரன். நம்ம ஆள்! இந்திய ஹாக்கி கடைசியாக ஒலிம்பிக் தங்கம் பார்த்தது அன்றுதான். இதை நம் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். நாற்பது பேரில் மூன்று பேருக்குத் தெரிந்திருந்தது.

"ஏலமும் லீக்கும் தப்பா?" என்று கேட்காதீர்கள். தப்பில்லை. ஹாக்கி ஆடுகிறவன் கையில் லட்சக்கணக்கில் பணம் பார்ப்பது லீக்கால்தான். உலகத் தரமான ஆட்டக்காரர்களோடு ஒரே அறையில் உட்காருவதும் லீக்கால்தான். லோகோமோட்டிவும் அன்பால் மட்டும் பிழைக்கவில்லை, அதன் பின்னால் ரயில்வேயின் பெரிய பணம் இருக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான். அங்கே அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஊர்ப் பையன்களுக்குப் போகிறது. நம்மிடம் கோவில்பட்டி ஒரு பக்கம், டிராகன்ஸ் இன்னொரு பக்கம். நடுவில் தண்டவாளம் போடத்தான் ஆள் இல்லை.

இதையெல்லாம் நான் இப்போது எழுதக் காரணம் நம் மதுரை. 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. முதல்முறையாக 24 நாடுகள். அதற்காக ரேஸ்கோர்ஸ் பகுதியில் செயற்கைப் புல் மைதானம் அமைத்தார்கள். சுவிட்சர்லாந்தை இந்தியா 5-0 என்று வென்ற ஆட்டம் இங்கேதான் நடந்தது. நானும் கோவில்பட்டிக்காரனும் போயிருந்தோம். ஊரே திரண்டு வந்திருந்தது. கடைசியில் ஜெர்மனி கோப்பையை வென்றது, இந்தியா அர்ஜென்டினாவை 4-2 என்று தோற்கடித்து வெண்கலம் வாங்கியது.

அன்று எல்லோரும் ஸ்கோர்போர்டைப் பார்க்க, இவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "மண்ணுல பந்து குதிச்சுக் குதிச்சு வரும்டா. எங்க வரும்னு அதுக்கே தெரியாது. இதுல வழுக்கிட்டு நேரா வரும். பழகணும்" என்றான். 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தபோது இந்தியா ஏழாவது இடத்துக்குச் சரிந்ததற்கு ஒரு காரணமாக இதைத்தான் சொல்வார்கள். தரை மாறினால் ஆட்டமே மாறும். பணக்கார நாடுகள் தரையை மாற்றின. நம் பையன்கள் மண்ணில் பழகிவிட்டு டர்ஃபில் போய் நின்றார்கள்.

இப்போது மதுரையிலேயே டர்ஃப் இருக்கிறது. கேள்வி அதற்கு அடுத்தது. அந்தத் தரைக்குத் தண்ணீர் அடிக்க வேண்டும். விளக்குக்குக் கரண்ட் பில் கட்ட வேண்டும். மேலூர், அலங்காநல்லூர் பக்கத்துப் பள்ளிப் பையன்களும் பெண்களும் காலையில் வந்து போக பஸ் நேரம் ஒத்துவர வேண்டும். மட்டை வாங்க யாராவது கொடுக்க வேண்டும். இதில் எதையும் டி.வி. காட்டாது. ஆனால் நான்காவது சட்டை என்று ஒன்று வந்தால், அதைப் போட்டுக்கொள்ளப் போகிறவர்கள் அந்தப் பையன்கள்தான்.

கோவில்பட்டிக்காரன் இப்போது ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டா அறிவிப்புக்காகக் காத்திருக்கிறான். கிடைக்காவிட்டால் ஹாக்கியை விட்டுவிட்டு வேறு பரீட்சைகள் எழுதுவதாகச் சொல்கிறான். எனக்குத் தெரிந்த நல்ல கோல்கீப்பர் அவன் ஒருவன்தான். அப்படி விட்டுவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று சித்தப்பாவைக் கேட்டேன். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தவர், இரண்டு கையும் முடிந்ததும் நிறுத்திவிட்டார்.

ரேஸ்கோர்ஸ் பக்கம் காலையில் வாக்கிங் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு உதவி. உள்ளே மட்டைச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். கேட்டால் இரண்டு நிமிடம் நின்று வேடிக்கை பாருங்கள். பார்க்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே அந்தப் பையன்கள் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடுவார்கள்.