மேற்கட்டிலைத் தாங்குவது எது?

'காம்ப்' என்ற ஆங்கிலச் சொல்லை யாழ்ப்பாணத்தில் எங்கள் தலைமுறை விரும்பிக் கற்றுக்கொள்ளவில்லை. இராணுவம் நிலைகொண்டிருந்த இடமும் காம்ப்; இடம்பெயர்ந்தோர் தங்கிய பாடசாலையும் காம்ப். அதே சொல்லை, கனடாவில் பிறந்த எங்கள் பேரப்பிள்ளைகள் கோடை விடுமுறையின் இன்பத்துக்குரிய பெயராகச் சொல்கின்றனர். 2023 ஆம் ஆண்டு யூலை மாதம் ஸ்காபரோவில் வசிக்கும் என் அக்காவிடம் சென்றிருந்தபோது, அந்த இன்பத்துக்காக ஒரு கட்டிலைத் திருத்தும் வேலையில் நானும் பங்கெடுத்தேன்.

அக்காவின் மகன், வாகனத்தின் பின்னால் கொளுவி இழுத்துச் செல்லும் ட்றெயிலர் வீடொன்றைப் பழையதாக வாங்கியிருந்தான். 22 அடி நீளம். முன்பகுதியில் பெற்றோருக்கான கட்டில், நடுவே சிறு சமையல் மேடை, பின்மூலையில் பிள்ளைகளுக்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கட்டில்கள். மேலே எட்டு வயது மகனும் கீழே ஐந்து வயது மகளும் படுப்பதென ஏற்பாடு. ஓகஸ்ட் மாதம் அல்கொன்குவின் பூங்காவுக்குப் புறப்படத் திட்டம். 1893 இல் அமைக்கப்பட்ட அப்பூங்கா, ஒன்ராறியோவின் மாகாணப் பூங்காக்களுள் மிகப் பழையது.

ஆனால் மகன் மேலே புரண்டு படுத்தபோது, கட்டிலின் சுவர்ப்பக்க மூலை ஒரு விரற்கடை கீழிறங்கியது. பலகைக்குமேல் இன்னொரு பலகையை அடித்தால் போதும் என்று மருமகன் எண்ணினான். அக்கா சம்மதிக்கவில்லை. ஊரில் தச்சுத்தொழில் செய்த முதியவர் ஒருவர் அதே தெருவில் இருந்தார். அவரை அழைத்துவந்தோம். அவர் மெத்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பலகையைப் பாக்காதையும் தம்பி, பலகை எதிலை இருக்குது எண்டு பாரும்."

பலகை இருந்தது, சுவரில் அறைந்திருந்த ஓர் அங்குலத் தடிப்புள்ள சட்டத்தில். அதைப் பிடித்திருந்தவை கம்பி ஊசிகள். மூலையில் திருப்புளியால் குத்தியபோது, அது பாலில் தோய்த்த பாணுக்குள் இறங்குவதுபோல மரத்துக்குள் இறங்கியது. கூரையும் சுவரும் சந்திக்கும் பொருத்தின் பசை வெடித்து, மழையும் உருகும் பனியும் ஆண்டுக்கணக்கில் உள்ளே கசிந்திருக்கின்றன. வெளிச்சுவரின் பளபளப்பில் இதன் அடையாளமே இல்லை.

இவ்வகை வண்டிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து எல்க்ஹார்ட் வட்டாரத்தில் கட்டப்படுகின்றன. குடும்ப வாகனம் இழுக்கவேண்டும் என்பதால் எடையைக் குறைப்பதே கட்டுவோரின் முதற் கவலை. ஆகவே சட்டங்கள் ஒடுக்கம், சுவர்த்தகடுகள் மெல்லியவை. வீடு அசையாது நிற்கும். இதுவோ நெடுஞ்சாலையில் மணிக்கணக்காகக் குலுங்கும். குலுக்கத்தில் ஊசியும் ஆணியும் மெல்ல மெல்லக் கழன்றுவிடும். பசையிட்டு முடுக்கிய திருகாணி அவ்வளவு எளிதில் கழலாது.

முதல் வேலை கட்டிலில் அல்ல, கூரையில் நடந்தது. பழைய பசையைச் சுரண்டி, பியூட்டைல் நாடா ஒட்டி, அதன்மேல் புதுப் பசை பூசினோம். பின்னர் சுவரின் உட்தகட்டைக் கழற்றி, ஐந்து நாட்கள் மின்விசிறியை ஓடவிட்டுக் காயவைத்தோம். ஈரம் உள்ளே இருக்க மூடினால் புதுமரமும் பழைய வழியே போகும் என்றார் பெரியவர். உக்கிய பகுதியை வெட்டி எடுத்து, நல்ல மரம் தொடங்கும் இடத்திலிருந்து புதுச் சட்டத்தைப் பக்கத்தில் அணைத்துப் பசையிட்டுப் பொருத்தினார். சுவரின் தடிப்பே இரண்டு அங்குலத்துக்குள்தான். திருகாணி நீண்டால் வெளித்தகட்டைத் துளைக்கும், அல்லது மின்கம்பியைத் தொடும். ஒவ்வொன்றையும் அளந்து, முன்துளை இட்டே முடுக்கினார்.

அடுத்து, மூன்று பக்கச் சுவர்களிலும் தடித்த தாங்குசட்டம். பலகைக்கு அடியில் இரண்டடிக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டங்கள். தாங்கலற்றிருந்த முன்விளிம்புக்கு அலுமினிய மூலைத்தகடு. அரை அங்குலப் பிளைவுட்டில், மெத்தைக்கடியில் நீர் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்காதிருக்கக் காற்றுத் துளைகள். இதைவிடத் தடித்த பலகை வேண்டாம் என்று மருமகன் தடுத்தது சரியே. பின்பாரம் மிகுந்தால் முன்கொளுவியில் இறங்கும் பாரம் குறையும்; அப்போது வேகமாக ஓடும் ட்றெயிலர் வாலாட்டத் தொடங்கும்.

முன்விளிம்பின் நடுவிலிருந்து தரைவரை ஒரு கால் வைப்பதில்தான் தர்க்கம் எழுந்தது. கீழ்க்கட்டிலுக்கு ஏறும் வழியை அது மறைக்கும் என்றான் மருமகன். அதுவரை பேசாதிருந்த அக்கா, "கால் வையுங்கோ ஐயா" என்றாள்.

அவளுக்குக் காரணம் இருந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கியபோது, அவளும் ஏழு வயது மகனுடன் தென்மராட்சிக்கு நடந்து, ஒரு பாடசாலையில் ஒதுங்கினாள். இரண்டு வாங்குகளைச் சேர்த்துப் போட்டதே அவனுடைய படுக்கை. நடுச்சாமத்தில் வாங்குகள் விலகி, அவன் இடையில் விழுந்து நெற்றி உடைந்தது. மறுநாள் சேலைக்கரையைக் கிழித்து வாங்குக் கால்களைச் சேர்த்துக் கட்டினாளாம். அவன் நெற்றியில் அந்தத் தழும்பு இன்றும் உண்டு. விழுந்தது அவனுக்கு நினைவில்லை.

கால் வைத்தோம், நடுவில் அல்ல, ஏணியோடு சேர்த்து ஓரத்தில். அன்றிரவு மேற்கட்டிலில் 40 இறாத்தல் அரிசி மூடைகள் ஐந்தை அடுக்கி, தரையிலிருந்து அளந்து வைத்தோம். விடிந்த பின்னும் அளவு மாறவில்லை. ஆனால் வண்டியில் முன்னமே ஒட்டியிருந்த 150 இறாத்தல் என்ற எச்சரிக்கையைக் கிழிக்கப் பெரியவர் விடவில்லை. குலுக்கத்துக்கு அது இருக்கட்டும் என்றார்.

ஓகஸ்டில் அவர்கள் புறப்பட்டபோது அக்கா போகவில்லை. "எனக்குக் காம்ப் காணும், நீங்கள் போட்டு வாங்கோ" என்று தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள்.

புலம்பெயர்ந்த நாடுகளில் பழைய ட்றெயிலர் வாங்க எண்ணும் நண்பர்களுக்கு ஒரு சொல். விலை பேசுமுன் மெத்தையைத் தூக்குங்கள். கட்டிலின் சுவர்மூலையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மூலை மெத்தென்றிருந்தால், கட்டிலைப் பற்றி அல்ல, கூரையைப் பற்றிக் கேளுங்கள்.