நானும் என் காமிராவும் ஒரு நோட்டுப் புத்தகமும்

என் கைக்கு முதன்முதலாகக் காமிரா வந்தது 1981-ல். நான் கேட்டு வந்ததில்லை. அண்ணன் தனக்குப் புதிதாக ஒன்று வாங்கியதும், பழைய ஆக்பா க்ளிக் காமிராவை, "குழந்தையை நாலு படம் எடுத்து வை" என்று என்னிடம் தள்ளிவிட்டுப் போனார். அப்போது என் மகளுக்கு இரண்டு வயது. திருச்சி பொன்மலையில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். பட்டறைச் சங்கு ஊதினால் உலை வைப்பதும், மறுபடி ஊதினால் இலை போடுவதுமாகப் பொழுது போன வீடு. மாமனார், மாமியார், கல்யாணத்துக்கு நின்ற நாத்தனார், நாங்கள் மூன்று பேர். இதில் காமிராவுக்கு ஏது நேரம் என்கிறீர்களா? என் மாமியாரும் அதையேதான் கேட்டார்.

"பிலிம் வாங்கற காசுக்கு ஒரு மாசத்து நல்லெண்ணெய் வாங்கிடலாம்" என்றார் என் கணவர். தடுக்கவும் இல்லை, காசும் தரவில்லை. காய்கறிக் காசில் மிச்சம் பிடித்து, பழைய பேப்பர் போட்ட காசையும் சேர்த்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு சுருள் வாங்குவேன். ஊட்டியில் அரசாங்கம் நடத்திய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' பிலிம். (அந்த ஆலை மூடிப்போய்விட்டது. ஊட்டிக்குப் போனால் பூங்காவைப் பார்ப்பதுபோல அதையும் ஒரு நாள் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தேன்!)

ஒரு சுருளுக்கு 12 படம். 12 தான். இன்று போனில் ஒரு பிறந்த நாளுக்கே நூறு எடுக்கிறார்கள். எனக்கு 12 படத்தில் மூன்று மாதம் ஓட வேண்டும். அதனால் அழுத்துவதற்கு முன்னால் நாள் கணக்கில் யோசிப்பேன். காமிராவின் முதுகில் சிவப்பாகச் சின்ன ஜன்னல் ஒன்று இருக்கும். திருகினால் அதில் 1, 2 என்று எண் வந்து நிற்கும். ஒரு படம் எடுத்ததும் திருக மறந்தால் போச்சு, அதே இடத்தில் இரண்டாவது படமும் ஏறிக்கொள்ளும். என் முதல் சுருளில் குழந்தை ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் வயிற்றுக்குள் ஆட்டுக்கல் தெரிகிறது. மாமனார் அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, இப்பவே மாவாட்டப் பழகிட்டா" என்றார். எங்கள் வீட்டில் என் படத்தைப் பார்த்து முதலில் சிரித்தவர் அவர்தான்.

வெளிச்சத்துக்கு அதில் இரண்டே வழி. வெயிலென்றால் ஒரு பக்கம், மேகமென்றால் மறுபக்கம் தள்ள வேண்டும். வீட்டுக்குள் எடுத்தால் கரிதான். பத்தடிக்குள் கிட்டே போனால் முகம் கலங்கிவிடும். ஆடிப் பதினெட்டுக்கு அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய், காவிரியைப் பார்த்தபடி நின்று அரைச் சுருளைத் தீர்த்தேன். தண்ணீர் பளபளவென்று விழுந்திருந்தது, பெண்களின் முகமெல்லாம் அடுப்புக்கரி! ஸ்டூடியோக்காரர்தான், "வெயிலை உங்க முதுகுக்கு வையுங்கம்மா" என்று சொல்லிக் கொடுத்தார். அப்படி வைத்தால் எதிரில் நிற்பவர்கள் கண்ணைச் சுளித்தார்கள். கடைசியில் நானாகவே கண்டுபிடித்தேன். காலை ஒன்பது மணிக்கு எங்கள் பின்வாசல் நிழலில், எதிர்ச் சுவரில் பட்ட வெயில் திரும்பி வந்து விழும். அந்த வெளிச்சத்தில் யாரை உட்கார வைத்தாலும் அழகாக இருப்பார்கள். குழந்தையைப் போனில் எடுக்கும் இளம் தாய்மார்களுக்கும் இதைத்தான் சொல்வேன். உச்சி வெயிலும் வேண்டாம், குழந்தை கண்ணில் ப்ளாஷும் வேண்டாம். வாசற்படி நிழல் போதும்.

பெரிதாக்கிப் போட காசு இல்லை. நெகடிவ் அளவிலேயே சின்னச் சதுரமாக அச்சுப் போட்டுத் தரச் சொல்வேன். அதைக் கோடு போட்ட நீள நோட்டில் மைதாப் பசையால் ஒட்டி, கீழே இரண்டு வரி எழுதுவேன். 'இன்று முருங்கை பூத்தது.' 'பாப்பாவுக்கு முதல் பாவாடை. மூன்று இடத்தில் தடுக்கி விழுந்தாள்.' 'மாமா காக்கைக்குச் சோறு வைக்கிறார். காக்கை வருவதற்குள் அணில் வந்துவிட்டது.' ராத்திரி பாத்திரம் தேய்த்து, அடுப்பு மெழுகி, எல்லோரும் படுத்த பிறகு அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் எனக்கே எனக்கு. யாரும் படிப்பார்கள் என்று எழுதவில்லை. மறுநாள் காலையில் தலையில் பாரம் குறைந்ததுபோல இருக்கும், அவ்வளவுதான்.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படிப் போயிற்று. ஒரு நாள் சர்க்கரை கேட்க வந்த பக்கத்து வீட்டம்மாள் நோட்டைப் பிரித்துப் பார்த்தார். அவர் நான்கு பேரிடம் சொல்ல, மத்தியானம் மூன்று மணிக்கு எங்கள் திண்ணையில் கூட்டம் கூட ஆரம்பித்தது. "அடியே, நேர்ல பார்த்த மாதிரி எழுதியிருக்கியே!" என்பார்கள். பொய் சொல்வானேன்? எனக்குப் பிடித்திருந்தது. சாம்பாரில் உப்புச் சரியாக இருந்தால் யாரும் ஒன்றும் சொல்லாத வீட்டில், முதல்முறையாக ஒரு வேலைக்குப் பாராட்டுக் கிடைத்தது.

எப்போது மாறினேன் என்று தெரியவில்லை. முருங்கைப் பூவை யாரும் நின்று பார்க்கவில்லை, பட்டுப் பாவாடை கட்டிய குழந்தைகளை ஆசையாகப் பார்த்தார்கள். ஆகவே பட்டுப் பாவாடையாக எடுத்தேன். கொலு, காது குத்து, வளைகாப்பு. எழுதுவதும் அவர்கள் சிரிப்பதற்காக எழுதினேன். "இந்த வாரம் ஒண்ணும் ஒட்டலையா?" என்று கேட்டால் கடன்காரி மாதிரி முழிப்பேன். ராத்திரி அரை மணி நேரம் இப்போது பாரமாகிவிட்டது. பிலிம் முடிந்துவிட்டால் கையிலிருக்கும் படத்தில் எதையாவது ஒட்டி, எதையாவது எழுதித் தொலைப்பேன். நோட்டும் வீட்டில் இருப்பதில்லை. இரவல் போகும். எந்த வீட்டில் இருக்கிறது என்று நானே தேட வேண்டியிருந்தது.

1983-ல் எடுத்த படம் அது. மூன்றாம் வீட்டு அக்காவுக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். தலைக்குக் குளித்துவிட்டு முடியைத் தோளில் விரித்துப் போட்டுக்கொண்டு, எங்கள் பின்வாசல் படியில் உட்கார்ந்து, முறத்தில் ரேஷன் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்லிச் சிரித்தாள். நான் அழுத்திவிட்டேன். ஒன்பது மணி வெளிச்சம். முறத்து அரிசி ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ரவிக்கைத் தோளில் ஒரு கிழிசல், அதுவும் தெரிந்தது. இன்று வரை நான் எடுத்ததில் அதைவிட நல்ல படம் கிடையாது. கீழே, 'மாசக் கடைசி. முறத்தில் பாதி கல், பாதி அரிசி. அதற்கும் ஒரு சிரிப்பு!' என்று எழுதினேன். திண்ணையில் எல்லோரும் ரசித்தார்கள், அக்கா உள்பட.

நோட்டு இரவல் போன வீட்டுக்கு அக்காவின் சொந்தக்காரர் ஒருவர் விருந்தாளியாக வந்திருக்கிறார். அவர் ஊருக்குப் போய், "உங்க பொண்ணு கல்லும் அரிசியுமா தின்னுக்கிட்டு, கிழிஞ்ச துணியோட கிடக்கு. பத்திரிகையில போடற மாதிரி எழுதியே வெச்சிருக்காங்க" என்று சொல்லியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் அப்பா லால்குடிப் பக்கத்திலிருந்து அரை மூட்டை அரிசியோடு வந்து இறங்கினார். அக்காவின் வீட்டுக்காரர் நல்ல மனுஷர், ரோஷக்காரர். மூட்டையை வாசலிலேயே வைத்துவிட்டு வெளியே போனவர் ராத்திரிதான் திரும்பினார். "என் மானத்தைத் தெருவுல வித்துட்டே" என்று அவர் அவளைக் கத்தியது எங்கள் வீடு வரை கேட்டது.

மறுநாள் அக்கா வந்தாள். சண்டை போட்டிருந்தால் தேவலை. என் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று மெதுவாகச் சொன்னாள்:

"படத்துல நான் நல்லாத்தான் இருக்கேன். எங்கம்மா மாதிரியே இருக்கேன். கீழ எழுதினியே, அதைத்தான் தாங்க முடியலை."

"அக்கா, நீங்களும் பார்த்துச் சிரிச்சீங்களே..." என்றேன்.

"நாலு பேரு நடுவுல வேற என்ன பண்றதாம்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று எனக்கு அவள்மேல்கூட ஒரு கோபம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிழிசலை நானா கிழித்தேன் என்று மனசுக்குள் வாதாடினேன். இரண்டு நாள் கழித்துத்தான், அந்தக் கிழிசல் என் ரவிக்கையில் இருந்திருந்தால் நோட்டில் ஒட்டியிருப்பேனா என்று தோன்றியது. கத்தரிக்கோலை எடுத்து அந்த வரியை வெட்டி அடுப்பில் போட்டேன். படத்தை வெட்ட மனம் வரவில்லை. நோட்டையும் காமிராவையும் துணியில் சுற்றிப் பரணில் போட்டேன். அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. ஆனால் எங்கள் பின்வாசல் படியில் அதற்குப் பிறகு உட்காரவே இல்லை. அடுத்த வருஷமே வேறு குவார்ட்டர்ஸுக்கு மாறிப் போய்விட்டார்கள்.

மாமனார் 1985-ல் தவறிப்போனார். கூடத்தில் மாட்டியது ஸ்டூடியோவில் கோட்டு மாட்டிவிட்டு எடுத்த படம். யாரோ அதிகாரி மாதிரி முறைத்துக்கொண்டிருப்பார். 1989-ல் மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆயிற்று. கண்ணாடி போட்டுக்கொண்ட நாலாம் நாள், சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்: "ஏம்மா, இவரு காக்காவுக்குச் சோறு வைக்கிற மாதிரி ஒண்ணு எடுத்தியே, அது எங்க?"

"அதெல்லாம் பரண்ல போட்டாச்சு அத்தை."

"எடுத்துட்டு வா. இது அவரு இல்லை."

பரணிலிருந்து இறக்கினால் நெஞ்சு பகீரென்றது. மைதாப் பசைக்கு ராமபாணப் பூச்சி வந்து, பக்கம் பக்கமாக அரித்திருந்தது. பசை மட்டுமல்ல, படத்தின் மேலே பூசியிருக்கும் ஜெலட்டினும் அதற்கு ஆகாரமாம். காமிராவைத் தோலுறையோடு மூடி வைத்ததால் கண்ணாடியில் சிலந்தி வலைபோலப் பூஞ்சை. காக்கைச் சோற்றுப் படத்தில் அணில் போய்விட்டது, மாமனார் தப்பித்திருந்தார். குனிந்த முதுகு, மடித்துக் கட்டிய வேட்டி, வாயில்லா ஜீவனோடு பேசுகிற அந்தச் சிரிப்பு. மாமியார் அதை மடியில் வைத்துக்கொண்டு, கீழே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தார். 'மாமா காக்கைக்குச் சோறு...' பத்துத் தடவையாவது படித்திருப்பார். "காமிராவுக்கு ஏது நேரம்" என்று கேட்ட அதே மாமியார்!

அந்த வாரமே ஒரு சுருள் வாங்கினேன். வேறு காமிரா, வேறு நோட்டு. இந்தத் தடவை திண்ணைக்கு வராத நோட்டு. யாரையாவது எடுத்தால் படத்தை முதலில் அவர்களிடம் காட்டுவேன், ஒட்டலாமா என்று கேட்பேன். சிலர் வேண்டாம் என்பார்கள். நல்ல படமாக இருந்தால் வயிறு எரியும். இருந்தாலும் கொடுத்துவிடுவேன். எழுதுவது மறுபடி இரண்டு வரிதான். முருங்கைப் பூ திரும்பி வந்துவிட்டது.

பட்டு அறிந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். படத்தைப் பசையால் ஒட்டாதீர்கள். மூலைகளைச் செருகுகிற காகித முக்கோணம் கிடைக்கிறது, அது போதும். மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டிய பசை ஆல்பங்கள் பார்க்க வசதி. சில வருஷத்தில் பசை பழுப்பேறிப் படத்தையும் பிடித்துக்கொள்ளும், உரித்தால் கிழியும். படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் தெரியும், பென்சிலால் மெதுவாகத் தேதியும் பெயரும் எழுதுங்கள். மழைக்காலத்தில் ஆல்பத்தை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்க வேண்டாம். நெகடிவைத் தூக்கிப் போடாதீர்கள், காகித உறையில் தனியாக வையுங்கள். எண்பதுகளில் எடுத்த கலர் படங்கள் பல வீடுகளில் செக்கச் செவேலென்று வெளுத்துக் கிடக்கின்றன. என் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் பூச்சிக்குத் தப்பியவரை அப்படியே இருக்கின்றன. இப்போது என் போனிலும் ஆயிரக்கணக்கில் படம் இருக்கிறது. எதை எப்போது எடுத்தேன் என்று எனக்கே ஞாபகமில்லை. மாதம் 12 படம் மட்டும் பொறுக்கி எடுத்து அச்சுப் போட்டுவிடுகிறேன். 12 என்ற கணக்கு விட்டுப்போகவில்லை!

போன வருஷம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அக்கா, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். எழுபது வயதாகிறது, முட்டி வலி. கல்யாணம், காரியம் என்று எங்காவது பார்த்துக்கொள்வதுதான், வீட்டுக்கு வந்து வருஷக்கணக்காகிறது. காபி குடித்து, மாத்திரைகளைப் பற்றிப் பேசி, சுற்றிச் சுற்றி வந்தவள் கடைசியில் சொன்னாள்:

"இவளுக்கு நான் சின்ன வயசுல எப்படி இருந்தேன்னு பார்க்கணுமாம். கல்யாணப் படம் ஒண்ணுதான் இருக்கு, அதுல தலையைக் குனிஞ்சிருக்கேன். அந்தப் படத்தைக் கிழிச்சுட்டியா?"

பீரோவைத் திறந்து உறையை எடுத்துக் கொடுத்தேன். ஓரத்தில் பூச்சி கடித்திருந்ததே தவிர முகத்தில் ஒன்றுமில்லை. பேத்தி, "பாட்டி, நீயா இது!" என்று கத்தினாள். அக்கா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழிசலைக் கட்டைவிரலால் தடவினாள். கீழே வெட்டப்பட்ட இடத்தையும் தடவினாள்.

"ஏதாவது எழுதித் தரட்டுமா அக்கா?" என்று கேட்டுவிட்டேன். பழைய புத்தி.

"நீ எழுதவே வேண்டாம். பென்சிலைக் கொடு."

பேத்தியின் முதுகில் படத்தைக் கவிழ்த்து வைத்து, நடுங்கும் கையால் தன் பெயரை எழுதினாள். பக்கத்தில், 'வயசு 28' என்று போட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, அதற்குக் கீழே, 'பொன்மலை, பின்வாசல் படி' என்று எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.