படுத்த பேரலும் அளவுக்குச்சியும்

கணக்கு என்றதும் பதிவைத் தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள். ஒருவனுடைய சம்பளம் சம்பந்தப்பட்டது.

திருச்செங்கோடு பக்கம் ஒரு ரிக் வண்டி ஷெட்டில் டீசல் கணக்கு பார்ப்பவன் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பையன். (பையன் என்கிறேன், நாற்பது தாண்டிவிட்டான்.) போன மாதம் முகம் வாடி வீட்டுக்கு வந்தான். ஷெட்டில் 200 லிட்டர் பேரலை ஸ்டாண்டில் படுக்க வைத்திருக்கிறார்கள். குச்சி விட்டுப் பார்த்தால் கால்வாசி உயரம். முதலாளி கணக்கில் 50 லிட்டர். கேனில் பிடித்து அளந்தால் 39தான். குறைந்த 11 லிட்டருக்குச் சம்பளத்தில் பிடித்துவிட்டார்.

"கால் உயரம்னா கால் பங்குன்னு நீங்கதானுங்க சார் சொல்லிக் கொடுத்தீங்க?"

சொல்லியிருப்பேன். நான் நடத்திய உருளைகள் எல்லாம் நிமிர்ந்து நின்றவை.

பேத்தியின் கணக்குப் புத்தகத்தில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பக்கம் வரும். அங்குள்ள கியூஆர் கோடு வழியாகத்தான் எனக்கு ஜியோஜீப்ரா பழக்கம். ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பல்கலைக்கழக மாணவராக இருந்த மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001இல் தொடங்கியது. இலவசம், போனிலேயே ஓடும். ஒரு வட்டம் போட்டு, டீசல் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு, அதை ஏற்றி இறக்க ஒரு ஸ்லைடர் வைத்தேன். பாதி உயரத்தில் சரியாகப் பாதி. காலுக்கு இறக்கினால் பரப்பு 19.55 சதவீதம். 200 லிட்டரில் 39.1!

எனக்கு மெஷின் சொன்னால் போதாது, காகிதத்திலும் வர வேண்டும். கால் உயரத்தில் மையக்கோணம் 120 பாகை. வட்டக்கோணப்பகுதி மூன்றில் ஒரு பங்கு, அதில் முக்கோணத்தைக் கழித்தால் அதே விடை. எட்டாம் வகுப்புப் பாடம்தான். இத்தனை வருடம் நடத்தியும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பத்தில் ஒரு பங்கு உயரம் என்றால் கையால் போட எனக்கு வராது. ஸ்லைடர் நொடியில் காட்டியது: 20 இல்லை, 10.4 லிட்டர்.

பேரலின் விட்டம் 57 செ.மீ. என்று அளந்து வந்தான். இருவரும் உட்கார்ந்து 10 லிட்டருக்கு ஒரு கோடாகப் புதுக்குச்சி போட்டோம். அடியில் முதல் கோடு ஐந்தரை செ.மீ. உயரத்தில், நடுவில் இரண்டே கால் செ.மீ.க்கு ஒரு கோடு. கோடுகள் நெருங்கியும் விலகியும் இருப்பதைப் பார்த்து, "தப்பாப் போட்டுட்டமுங்களா சார்?" என்றான். வட்டம் நடுவில்தானே அகலம் என்று காட்டினேன்.

முதலாளி கேனில் ஊற்றிச் சரிபார்த்துக்கொண்டாராம். ஷெட்டில் இப்போது அந்தக் குச்சிதான். பிடித்த பணம் மட்டும் இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் நானே போய்க் கேட்கலாம் என்றிருக்கிறேன், போனையும் எடுத்துக்கொண்டு.