அம்மாவுக்கு ஒரு மெத்தை, அப்பாவுக்கு ஒரு மெத்தை

மெத்தையைப் பத்தியெல்லாம் ஒரு பதிவான்னு சிரிக்காதீங்க மக்கா. போன மாசம் பூரா எங்க வீட்டுல ஓடின ஒரே பேச்சு இதுதான். தூத்துக்குடி மாதிரி வெக்கை ஊர்ல, கல்யாணமாகி 25 வருசமான ஒரு ஜோடிக்கு மெத்தை தேர்ந்தெடுக்கிறது செமஸ்டர் பரீட்சையை விடக் கஷ்டம் :-)

ஜோடின்னா எங்க அம்மா, அப்பாதான். 2023 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 செ.மீ. மழை கொட்டுச்சே, அப்போ எங்க தெருவுலயும் இடுப்பளவு தண்ணி. கல்யாணத்துக்கு ஆச்சி தைக்கக் குடுத்து வாங்கின இலவம்பஞ்சு மெத்தை, கட்டிலை விட்டு எழும்பி மிதந்துச்சு. நிஜமாத்தான். இலவம்பஞ்சு இழைக்கு உள்ளே காத்து, மேலே மெழுகுப் பூச்சு. ஒரு காலத்துல கப்பல்ல லைஃப் ஜாக்கெட்டே இதை அடைச்சுத்தான் செஞ்சாங்க. ஆனா பஞ்சு மிதந்தாலும் உறை சாக்கடைத் தண்ணியில ஊறிப் போச்சு. தெரு முனையில குவிஞ்சு கிடந்த மெத்தைகள்ல அதுவும் ஒண்ணாப் போயிருச்சு.

அதுக்கப்புறம் அப்பா மொட்டை மாடியில, அம்மா ஹால்ல தரையில பாய் விரிச்சு. அப்பாவுக்குத் துறைமுகத்துல ஷிப்ட் வேலை, எப்போ வருவாரு எப்போ போவாருன்னு சொல்ல முடியாது. "பழகிருச்சுல"ன்னு ரெண்டு பேருமே சொல்லுவாங்க. ஆனா காலையில அம்மா செவுத்தைப் புடிச்சு எழுந்திரிக்கிறதைப் பாத்தா பழகின மாதிரித் தெரியல. ராத்திரியில அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிற சத்தமும் வீட்டுல நின்னு போச்சு. அதான் 20,000 ரூபாய்க்குள்ள ஒரு மெத்தை பாக்கிறதுன்னு நானே கிளம்பினேன்.

முதல்ல நம்ம ஊரு வெக்கையைப் புரிஞ்சுக்கணும். வெயில் பாதி, கடல் ஈரம் மீதி. வேர்வை ஆவியானாத்தான் உடம்பு குளிரும். ஈரக்காத்துல அது சுலபத்துல ஆவியாகாது. மெத்தையில அழுந்திக் கிடக்கிற முதுகுக்கு அந்த ஃபேன் காத்து கூடக் கிடையாது. தூங்குற மனுச உடம்பு சுமார் 70, 80 வாட் வெப்பத்தை வெளியே விடும். ரெண்டு பேருன்னா பழைய குண்டு பல்பு ரெண்டை மெத்தை மேல எரிய விட்ட கதைதான்.

கடையில எல்லாரும் முதல்ல காட்டுறது மெமரி ஃபோம். 1966-ல நாசாவுக்காக, விமான இருக்கையில மோதல் அதிர்ச்சியைத் தாங்கக் கண்டுபிடிச்ச சமாச்சாரம் அது. உடம்புச் சூட்டுல இளகி வளைஞ்சு குடுக்கும். அதான் அதோட சிறப்பு, அதான் அதோட சிக்கலும். உடம்பு உள்ளே புதையப் புதைய காத்துப் போற வழி அடைபடும்.

அதுக்கு மருந்துன்னு கூலிங் ஜெல் போட்டு விக்கிறாங்க. கையை வச்சா ஜில்லுன்னு இருக்கும். ஆனா ஜெல் வெப்பத்தை வாங்கி வச்சுக்கும், அவ்வளவுதான்; தானும் சூடான பிறகு சும்மா கிடக்கும். இன்னும் விலை கூடினதுல மெழுகு மாதிரி ஒரு பொருள் இருக்கும். சுமார் 28 டிகிரியில உருகி, உருகும்போது சூட்டை உறிஞ்சும். நல்ல யோசனை. ஆனா மே மாசம் நம்ம காங்கிரீட் வீட்டு ரூமு நடுராத்திரியிலயும் 30 டிகிரிக்கு மேலதான். நாம படுக்கிறதுக்கு முன்னாடியே அது உருகிக் கிடக்கும், அப்புறம் எதை உறிஞ்ச? கடையில ஏசி ஓடுது, வீட்டுல ஃபேன் ஓடுது. வாங்கும்போது இதை மறந்துராதீங்க.

அப்போ குளிர்ச்சிக்கு என்னதான் வழி? காத்து போக இடம் விடுறதுதான். தேங்காய் நாரை ரப்பர் பாலோட சேர்த்துச் செய்யிற காயர் மெத்தையில இடைவெளி ஏராளம். ஸ்பிரிங் மெத்தைக்கு உள்ளேயும் காத்து உண்டு. லேட்டக்ஸ்ல சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், மெத்துன்னும் இருக்கும், ஆனா விலை ஜாஸ்தி.

அடுத்த பஞ்சாயத்து: அப்பாவுக்குக் கட்டாந்தரை மாதிரி வேணும், அம்மாவுக்கு இடுப்புக்கு இதமா வேணும். அப்பா நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்தா அம்மா முழிக்கக் கூடாது. அஞ்சடி அகல மெத்தையில ஆளுக்கு ரெண்டரை அடிதான் வரும். ஜெர்மனியில ஒரே கட்டில்ல ரெண்டு தனி மெத்தை போட்டுக்கிறது சகஜம்னு படிச்சிருந்தேன். சொன்னேன்.

"ஏல, ரெண்டு மெத்தைன்னா பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"ன்னாரு அப்பா.

"நம்ம ரூமுக்குள்ள வந்து யாரு பாக்கா?"ன்னாங்க அம்மா. தீர்ப்பு முடிஞ்சுது :-)

மூணடி அகலத்துல ரெண்டு காயர் மெத்தை. அம்மா பக்கம் மட்டும் மேலே ரெண்டு இஞ்ச் லேட்டக்ஸ் இருக்கிற ரகம். அப்பாவோடதைக் கொஞ்சம் தடிமனா வாங்கி உயரத்தைச் சரி பண்ணியாச்சு. கட்டில்ல இருந்த பிளைவுட்டை எடுத்துட்டு ஆசாரியை வச்சு இடைவெளி விட்டுச் சட்டம் அடிச்சோம், அடியிலயும் காத்து போகணும்ல. மேலே பருத்தி விரிப்பு.

அதுக்கும் மேலே, கோடைக்கு மட்டும், ஒரு பத்தமடைப் பாய். கோரையைத் தண்ணியில ஊறப்போட்டு, நூல் மாதிரி மெல்லிசாக் கீறி நெய்யிற பாய். கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளை பேரைச் சேர்த்து நெஞ்சு தருவாங்க. எங்களுது சாதாப் பாய்தான், பேரெல்லாம் இல்ல. வேர்வை ஒட்டாது, காலையில சுருட்டி வச்சுரலாம்.

மூணு வாரமாச்சு. அம்மா செவுத்தைப் புடிக்கிறது குறைஞ்சிருக்கு. நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு நான் படிச்சிட்டு இருக்கேன், ரூமுக்குள்ள கரண்ட் பில்லைப் பத்தி ரெண்டு பேருக்கும் சண்டை. போய்க் கதவைச் சாத்திட்டு வந்தேன்.

உங்க வீட்டுல அம்மா, அப்பா எதுல படுக்கிறாங்க? ஒரு தடவை கேட்டுப் பாருங்க. "பழகிருச்சு"ன்னு சொன்னா நம்பாதீங்க.